மாலை விழுந்த படம்

தங்கச் சுரங்க ஊரான மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி யூனிஃபார்ம்காரர், அப்போது ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் சொன்னார்:

“நேத்து மாலை போட்டுட்டாங்க, ஸ்டெல்லா.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“இன்னா விசேஷம்ணா?”

“எனக்கு இல்லம்மா, என் படத்துக்கு. நம்ம ஸ்கெலட்டன் ஏரியாவுல ஜனங்களுக்காகன்னு ஆர்ட் சென்டர் திறந்தாரே பெயிண்டர் சார், அவர் வரைஞ்ச படம். எங்கப்பாவோட மைன் ஹெல்மெட்டை என் தலையில மாட்டி, உக்கார வெச்சு வரைஞ்சாரு.”

“நீங்க மைன்ல வேலையே செஞ்சதில்லையே!”

“சொன்னேன். மூஞ்சிக்குப் பொருத்தமா இருக்குன்னுட்டாரு. நேத்து பெங்களூர்லேருந்து சீஃப் கெஸ்ட் அம்மா வந்தாங்க. அவங்களுக்குப் போட்ட மாலையைக் கழட்டி என் படத்துக்குப் போட்டுட்டுக் கண் கலங்கிட்டாங்க. ‘அப்படியே உயிரோட இருக்கிற மாதிரி வரைஞ்சிருக்கீங்க’ன்னு சாருக்குப் பாராட்டு வேற.”

“ஐயோ ஏசப்பா! நீங்க எங்க இருந்தீங்க?”

“முன் வரிசையில.”

“பெயிண்டர் வாயைத் திறக்கலையா?”

“திறந்தாரு, என் காதுகிட்ட. ‘சென்டருக்குக் கூரை மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க கார் ஏறுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே’ன்னாரு.”

“அப்பால?”

“எல்லாரையும் எழுந்து ஒரு நிமிஷம் மவுனமா நிக்கச் சொன்னாங்க.”

“நீங்க இன்னா பண்ணீங்க?”

“நானும் எழுந்து நின்னேன். செத்தவனுக்கு மரியாதை குடுக்காம உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?”