ஏர்பேக் விளக்கு

விஜயநகர் போகும் பஸ்ஸில் என் மகள் மடியிலேயே தூங்கிவிட்டாள். முன் சீட்டில் இருவர், பேச்சிலிருந்து அண்ணன் தம்பி என்று தெரிந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"கார்ல ஏர்பேக் லைட் விட்டு விட்டு எரியுதுன்னு காட்டினா, ஸ்டியரிங்குக்குள்ள ஏர்பேக்கே இல்லேங்கிறான் எலக்ட்ரீஷியன்," என்றார் அண்ணன்.

"ஹௌதா? அப்படியா? எங்கே போச்சாம்?"

"ஏதோ ஆக்ஸிடென்ட்ல வெடிச்சிருக்கு. புதுசு போடாம, லைட் மட்டும் எரியாம இருக்க ஒரு ரெசிஸ்டரை வெச்சு மூடிட்டாங்க. அந்த வயர்தான் லூஸாம்."

"செகண்ட் ஹேண்டானாலும் ஸ்போர்ட்ஸ் கார்தான் வேணும்னு நின்னியே. சிவப்புக் கலர் பாத்தே, உள்ளே பாத்தியா?"

"அந்த சீட்ல உக்காந்திருந்தவன் என்ன ஆனானோ."

"அதை விடுண்ணா. இப்போ லைட் எரியுதா?"

"இல்ல. வயரை ஒட்டிக் கொடுத்துட்டான்."

"அப்புறம் என்ன? அதான் நேத்தே விளம்பரம் போட்டாச்சே. கேக்கறவனுக்குக் கொடுத்துடு. உன்கிட்ட வித்தவன் சொன்னானா?"

அண்ணனின் போன் அடித்தது.

"ஆமா சார், வண்டி இருக்கு... உங்களுக்கா சார்?... ஓ."

போனை மறு காதுக்கு மாற்றினார்.

"இல்ல சார். வித்தாச்சு."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "யாருக்குண்ணா வித்தே?"

"அவரு பொண்ணுக்குக் கேக்கறாருடா. இப்பத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்காளாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவரே மறுபடி சொன்னார்:

"யாருக்குன்னு சொல்லாம இருந்திருந்தா கொடுத்திருப்பேன்."