ஒருத்தருக்கு மட்டும்

— யுவன் வர்ற நேரமாச்சு, மலரு. தே தண்ணி போட்டு வச்சிரு. அவனுக்குச் சீனி கொறச்சு, எனக்கு எப்பவும் போல.

— எப்பவும் போல போட்டுத்தான் போன தடவ சுகரு பதினாலுக்கு ஏறி ஆஸ்பத்திரியில படுத்தீங்க.

— அதுக்குத்தானே ஆஸ்பத்திரி செலவுக்கு மெடிக்கல் கார்டு எடுக்கச் சொல்றேன்! நான் சொல்றதக் கேளு. வெள்ளிக்கிழமையோட ஒனக்கு அறுபது, பேக்டரி வேல முடியுது. அன்னிக்கே கம்பெனி கார்டும் செத்துப்போயிரும். அப்புறம் நான் எங்க போறது?

— கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு. லைன்ல நின்னா பாக்க மாட்டோம்னா சொல்றாங்க?

— காலையில போயி சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுலயா குந்தியிருக்கறது? இருபது வருசமா ஏசி ரூமுல படுத்துப் பழகுன ஒடம்புலா இது. பிரைவேட்டுல கார்ட நீட்டுனா, கவுண்டர்ல இருக்கிற சீனப் பொண்ணு, 'வாங்க அங்கிள்'னு சிரிச்சுக்கிட்டே கூட்டிக்கிட்டுப் போவா.

— நீட்டுனது என் கார்டு.

— ஒன்னுது என்னுதுன்னு என்னா? நான் லோரி ஓட்டுனவன். எனக்கு எந்த மொதலாளி கார்டு கொடுத்தான்?

— சரிங்க.

— யுவன் சொல்ற பிளான்ல தனி ரூமு. சுகரு இருக்கறதால கொஞ்சம் கூட கட்டணுமாம், அவ்வளவுதான். அக்கா மவன் இப்பத்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்டா எறங்கியிருக்கான். தாய்மாமனே எடுக்கலன்னா வெளியில எவன் எடுப்பான், சொல்லு? என் மடியில ஒக்கார வச்சுத்தான் அவனுக்குக் காது குத்துனாங்க.

— காது குத்துனதுக்கு மோதரம் போட்டாச்சு. இன்னுமா?

— நக்கலு. நல்லது சொன்னா ஒனக்கு நக்கலு.

— ரெண்டு பேருக்கும் எடுக்க முடியாதாங்க?

— அதெல்லாம் யுவன் கணக்குப் போட்டுப் பாத்துட்டான். ஒன் ஈபிஎஃப் காசு ரெண்டு பேருக்குத் தாங்காது. ஒருத்தருக்குத்தான். ஒனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க. தலவலின்னுகூடப் படுத்ததில்ல.

— கர்ப்பப்பைய எடுத்தப்போ படுத்தேன்.

— அது எப்பவோ.

— அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— ஜொகூருக்கு லோடு… இல்ல, சன்னாசிமலைத் திருவிழா. காவடிக்கு நேந்திருந்தேன்லா. சாமி காரியத்த விட முடியுமா? முந்துன நாளே வந்து பாத்தேனே.

— வந்தீங்க. துன்னூறு பூசுனீங்க. மஞ்ச வேட்டி எந்த அலமாரியிலன்னு கேட்டுட்டுப் போனீங்க.

— ஆமா, அப்ப ஒங்கூட யாரு இருந்தா?

— ரெஜினா. என் பக்கத்து மிசின்ல வேல செஞ்சாளே, அவதான். லீவு போட்டுட்டு வந்து இருந்தா. மூத்திரத்த எடுத்துக் கொட்டுனா, துணி மாத்திவிட்டா. ஆப்பரேசனுக்குக் கையெழுத்தும் அவதான் போட்டா.

— இப்ப எதுக்கு அதையெல்லாம் கெளர்ற?

— கெளரலங்க. கேட்டீங்க, சொன்னேன்.

— சரி, விடு. காரு சத்தம் கேக்குது, அவன்தான். ஒன் ஐசி, அடையாள அட்டைய எடுத்துட்டு வா. காசு கட்டறது நீங்கறதால ஒன் கையெழுத்தும் வேணுமாம்.

— வந்தவன தே குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.

— என்னா பேசுற நீ?

— செவ்வாக்கெழமயே ஆபீஸ்ல கேட்டுட்டேன். வேல நிக்கறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்துட்டா, அதே கார்ட சொந்தக் காசுல தொடரலாமாம். ரத்தம் எடுக்க மாட்டாங்க, பழைய நோவு இருக்கான்னு கேக்க மாட்டாங்க. நான் எடுத்துக்கலாம், இல்லாட்டி ஒங்களுக்கு எடுக்கலாம். ஒருத்தருக்கு மட்டும். எழுதிக் கொடுத்துட்டேன்.

— அடிப்பாவி! வாயத் தொறக்கவே இல்லியே! சுகரு கேக்க மாட்டாங்கன்னா அது இன்னும் நல்லதுலா. யுவன நான் சமாளிச்சுக்கிறேன், சின்னப் பய, ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருப்பான். என் ஐசி நம்பர சரியா எழுதினியா?

— என் நம்பர எழுதினேன்.

— ஒன்னோடதா? சுகரு எனக்குல்லா இருக்கு, மலரு!

— ஒங்களுக்கு முடியாமப் போனா பாக்கறதுக்கு நான் இருக்கேங்க. எனக்கு முடியாமப் போனா, அந்தக் கார்டுதான் இருக்கு.