வெள்ளிக்கிழமை விழுந்த கோடு

யார் மேல தப்புன்னு தேடறோமே... அதுக்கு ஒரு சின்னக் கதை இருக்கு. டீ வர்றதுக்குள்ள முடிச்சுடறேன், பயப்படாதீங்க!

கோயமுத்தூர்ல கணபதிங்கிற ஏரியாவுல ஒரு சின்னக் கம்பெனி. மிக்ஸி ஜாருக்கு மூடி அடிக்கிறாங்க. உள்ள சட்னி அரையறது வெளிய தெரியுமே, அந்தக் கண்ணாடி மாதிரி மூடி. பிளாஸ்டிக் குருணையை நல்லாக் காய வச்சு மெஷின் தலையில இருக்கிற தொட்டியில கொட்டுவாங்க. உருகி, அச்சுக்குள்ள பாய்ஞ்சு, மூடியா வந்து விழும்.

முதலாளி கோதைநாயகி அம்மா. மெஷின் ஓட்டறவர் பொன்னுரங்கம். வாரம் பூரா மூடி பளபளன்னு வரும். வெள்ளிக்கிழமை காலையில மட்டும்... வெள்ளை வெள்ளையாக் கோடு! ஏன்? இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு பிளாஸ்டிக்குக்குத் தெரியுமா? அச்சுக்குத் தெரியுமா?

அம்மா கத்தினாங்க. "வியாழக்கிழமை செகண்ட் ஷோ பாத்துட்டு வந்து தூங்கி வழியறே! நாளையிலருந்து வேலைக்கு வராதே!"

பொன்னுரங்கம் மெஷினை நிறுத்திட்டு முன்னால வந்தாரு. "பொண்ணு மேல சத்தியமா நான் சினிமாவே பாக்கறதில்லீங்க்கா. வர்ற வெள்ளிக்கிழமை வேற ஆளை நிறுத்திப் பாருங்க. மத்தது எதையும் மாத்தாதீங்க. மூடி நல்லா வந்துச்சுன்னா... நானே போயிடறேன்."

சரின்னு அவரை ஓரமா நிக்க வச்சாங்க. வேற ஆளு ஓட்டினாரு... அதே கோடு! அடுத்த வெள்ளி குருணையை மட்டும் மாத்தினாங்க. புது மூட்டை... அதே கோடு! அம்மாவுக்கு மண்டை காயுது. அப்படி என்னதான்யா இருக்கு இந்த வெள்ளிக்கிழமையில?

அதுக்கடுத்த வெள்ளி. வழக்கம்போல பூஜை. சூடம் காட்டியாச்சு, எல்லாரும் கும்பிட்டு நிக்கறாங்க. குருணை கொட்டின தொட்டி தொறந்தே கெடக்கு. அம்மா சொம்புல மாவிலையை முக்கி, மெஷின் தலையில தெளிக்கக் கையை ஓங்கினாங்க... ஓங்கின கை அப்படியே நின்னுபோச்சு.

"அட கடவுளே... காய வச்ச குருணையில நான்தானே தண்ணி தெளிக்கிறேன்!"

அந்தத் தண்ணிதான் சூட்டுல ஆவியாகி மூடியில கோடா விழுந்திருக்கு. கோடு விழ விழ, கண்ணு பட்டுருச்சுன்னு அம்மா இன்னும் ரெண்டு கை சேத்துல்ல தெளிச்சிருக்காங்க! அன்னிக்குத் தொட்டியை மூடிட்டுத் தெளிச்சாங்க. மூடி பளிங்கு மாதிரி வந்து விழுந்துச்சு.

அம்மாவுக்கு வெக்கம் ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். "ஏம்ப்பா, பக்கத்துலயேதானே நின்னே? பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் எங்கீங்க்கா பாத்தேன்? வேலை போயிடக் கூடாதுன்னு கண்ணை மூடிக் கும்பிட்டுட்டில்ல இருந்தேன்!"

சிரிக்கிறீங்க... நல்லாச் சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். வீட்டுல ஏதாவது கெட்டுப்போனா நாமளும் முதல்ல ஆளைத்தானே மாத்தப் பாக்கறோம்? மருமக சரியில்ல... வாத்தியார் சரியில்ல... அய்யா, ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, ஏன் ஏன்னு கேளுங்க. கேக்கறப்போ நம்ம கையில என்ன சொம்பு இருக்குன்னும் கொஞ்சம் பாருங்க. கும்பிட வேண்டாம்னு நான் சொல்லல... தொட்டியை மூடிட்டுக் கும்பிடுங்க!