பெல்ட்டுக்கு வயசு அஞ்சு

மெக்கானிக்: நீங்க இங்க நிக்க வேண்டாம் அத்தான். உள்ள போய்ப் படுங்க.

பல் டாக்டர்: மணி காலைல ஒம்போதரை.

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமைதானே. ஒரு தூக்கம் போடலாம்.

பல் டாக்டர்: தூங்கித்தான் எந்திரிச்சேன் மாப்ள.

மெக்கானிக்: அப்ப பேப்பர் படிங்க.

பல் டாக்டர்: படிச்சாச்சு.

மெக்கானிக்: விளம்பரமெல்லாம்?

பல் டாக்டர்: அதுவும். கட்டில் ஒண்ணு விலைக்கு வருது. கால் மூணுதானாம்.

மெக்கானிக்: அத்தான்... யாராவது பக்கத்துல நின்னு பாத்தா எனக்குக் கை ஓடாது.

பல் டாக்டர்: என் நாற்காலில படுக்கறவங்க அத்தன பேரும் என் கையத்தான் பாக்கறாங்க. எனக்கு ஓடுதே.

மெக்கானிக்: அவங்களால பேச முடியாதுல்ல. வாய்க்குள்ள பஞ்சு இருக்கு.

பல் டாக்டர்: எனக்கும் வேணா கொஞ்சம் வச்சுக்கறேன்.

மெக்கானிக்: வச்சாலும் நீங்க பேசுவீங்க.

பல் டாக்டர்: ஸ்டூல் எங்க? அதுல உன் பைய வச்சிருக்க. எடு.

மெக்கானிக்: பையத் தொடாதீங்க! நானே எடுக்கறேன்.

பல் டாக்டர்: என்ன இருக்கு உள்ள?

மெக்கானிக்: ஸ்பானர்.

பல் டாக்டர்: ஸ்பானருக்கா இவ்வளவு பதட்டம்?

மெக்கானிக்: சரி, உக்காருங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கு நீங்க கிளம்பறது எனக்குச் சரியாப் படல.

பல் டாக்டர்: ஏன்?

மெக்கானிக்: தொள்ளாயிரம் கிலோமீட்டர் அத்தான். இது இருபத்திரண்டு வருஷத்துப் பைக்கு. பாப்பாவப் பாக்கணும்னா பஸ்ஸுல போங்க. ட்ரெயின் இருக்கு. பெட்டியத் தலைக்கு வச்சுப் படுத்தா காலைல பொண்ணு வீடு.

பல் டாக்டர்: நெடுந்தூரம் போறதுக்குன்னே செஞ்ச வண்டி. சூட்கேஸ் மாதிரி ரெண்டு பெட்டி, காத்துக்குக் கண்ணாடி, சோஃபா மாதிரி சீட்டு. அஞ்சு வருஷமா இதுல நான் எங்க போயிருக்கேன் சொல்லு?

மெக்கானிக்: கிளினிக்குக்கு.

பல் டாக்டர்: எவ்வளவு தூரம்?

மெக்கானிக்: ரெண்டு கிலோமீட்டர்.

பல் டாக்டர்: மொத வருஷம் கிளம்பினேன். பிரேக் மெத்துமெத்துன்னு இருக்குன்ன. அடுத்த வருஷம் டயரு. அப்புறம் பேட்டரி மூஞ்சியே சரியில்லன்ன.

மெக்கானிக்: நெசமாவே சரியில்ல.

பல் டாக்டர்: பேட்டரிக்கு ஏது மாப்ள மூஞ்சி? போன வருஷம் எல்லாம் கட்டி, ஹெல்மெட்டும் போட்டுட்டேன். மழை வருதுன்ன.

மெக்கானிக்: வந்துச்சுல்ல?

பல் டாக்டர்: நாலு நாள் கழிச்சு.

மெக்கானிக்: வந்துச்சா இல்லியா?

பல் டாக்டர்: வந்துச்சு. சரி, முன் மூடியக் கழட்டு.

மெக்கானிக்: எந்த மூடி?

பல் டாக்டர்: இன்ஜினோட டைமிங் பெல்ட் மூடி.

மெக்கானிக்: அது எதுக்கு இப்ப? நான் வந்தது கார்புரேட்டர் கிளீன் பண்ண. நின்ன இடத்துல வண்டி நடுங்குது, சிக்னல்ல கைப்பிடியே ஆடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

பல் டாக்டர்: மாசாமாசம் நீ கார்புரேட்டரக் கழுவற. அதுவும் மாசாமாசம் நடுங்குது. என்கிட்ட வர்ற எந்தப் பல்லும் இவ்வளவு சுத்தமா இல்ல.

மெக்கானிக்: பழைய வண்டி அத்தான். நடுங்கத்தான் செய்யும்.

பல் டாக்டர்: நீ பெல்ட் போட்டு இந்த மாசத்தோட அஞ்சு வருஷம். ஓடினாலும் ஓடலேன்னாலும் அஞ்சு வருஷம்தான், ரப்பருக்கு வயசாயிடும்னு நீதானே சொன்ன? இடப்பக்கத்துக்கு ஒண்ணு, வலப்பக்கத்துக்கு ஒண்ணுன்னு புதுசு ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். இதோ.

மெக்கானிக்: வாங்கிட்டீங்களா... நல்லதாப் போச்சு. ரொம்ப நல்லதாப் போச்சு! அப்ப வண்டிய நான் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் கொண்டு வந்து விடறேன்.

பல் டாக்டர்: இங்கயே பண்ணு.

மெக்கானிக்: வெளிச்சம் பத்தாது.

பல் டாக்டர்: கிளினிக் விளக்கக் கொண்டாந்திருக்கேன். கடவாப்பல்லுக்குப் பின்னாடி வரைக்கும் தெரியும்.

மெக்கானிக்: மொதல்ல கார்புரேட்டரப் பாத்துடறேனே.

பல் டாக்டர்: கழட்டு மாப்ள.

மெக்கானிக்: ரேடியேட்டரத் தளத்தணும். தண்ணிய வடிக்கணும். வேல நெறைய இருக்கு.

பல் டாக்டர்: காலைல அஞ்சு மணிக்கே வடிச்சுட்டேன்.

மெக்கானிக்: நீங்களா?

பல் டாக்டர்: போல்ட்டும் ஆறு கழட்டி வச்சிருக்கேன், அந்தக் கிண்ணத்துல. மூடிக்கு இன்னும் நாலுதான் பாக்கி.

மெக்கானிக்: அத்தான், அந்த மூடியத் தொடாதீங்க. கைய எடுங்க... எடுங்கன்றேன்ல!

பல் டாக்டர்: ஏன் கத்தற?

மெக்கானிக்: தெரியாம கத்திட்டேன்.

பல் டாக்டர்: தண்ணி குடி.

மெக்கானிக்: வேண்டாம். அத்தான்... மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

பல் டாக்டர்: சொல்லு.

மெக்கானிக்: அந்தப் பெல்ட்ட நான் மாத்தல.

பல் டாக்டர்: ம்.

மெக்கானிக்: அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மாத்தினேன்னு சொன்னேன்ல... மாத்தல. உள்ள இருக்கறது வண்டியோட வந்த பெல்ட்டு. இருபத்திரண்டு வருஷம். எப்ப வேணா அறும். ஓடும்போது அறுந்துச்சுன்னா வால்வு திறந்தபடி நிக்கும், பிஸ்டன் மேல வந்து அத இடிக்கும். அந்த நிமிஷமே இன்ஜின் இறுகிடும். மலைப்பாதைல வளைவுல பின்சக்கரம் இறுகினா... அத்தான், அஞ்சு வருஷமா எனக்கு இதே கனவு.

பல் டாக்டர்: ஏன் மாத்தல?

மெக்கானிக்: அன்னிக்கு மூடியக் கழட்டி வச்சுட்டேன். புது பெல்ட்டு கைல இருக்கு. அப்பதான் போன் வந்துச்சு. ஆஸ்பத்திரில அக்காவ ஐசியூவுக்கு மாத்திட்டாங்கன்னு. மூடிய அப்படியே திருப்பி மாட்டிட்டு ஓடி வந்தேன்.

பல் டாக்டர்: ம்.

மெக்கானிக்: ஆஸ்பத்திரி வராந்தால நீங்க நின்னுட்டு இருந்தீங்க. அங்க இருந்த யாரையும் நீங்க எதுவும் கேக்கல. என்னப் பாத்ததும் கேட்டீங்க, பெல்ட் போட்டாச்சான்னு.

பல் டாக்டர்: வீட்டுக்கு வந்ததும் மலைப்பக்கம் கூட்டிட்டுப் போறேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். வண்டி தயாரான்னு அவ கேட்டா, அன்னிக்குக் காலைல.

மெக்கானிக்: அதான். எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல. ம்முன்னுட்டேன். நீங்க உள்ள போய் அக்கா காதுல வண்டி தயார்னு சொன்னீங்க. கண்ணாடி வழியாப் பாத்தேன்.

பல் டாக்டர்: ஆமா.

மெக்கானிக்: அக்காவுக்கு நீங்க சொன்ன கடைசி வார்த்தை அது. அத எப்படி அத்தான் பொய்யாக்கறது? நாலு நாள் போகட்டும், சொல்லலாம்னு பாத்தேன். நாள் ஆக ஆக வாய் இன்னும் பூட்டிக்கிச்சு. சொல்லாமயே மாத்திடலாம்னு மாசம் தவறாம வந்தேன். அந்தப் பையில ஸ்பானர் இல்ல. பெல்ட்டுதான். அஞ்சு வருஷமா தூக்கிட்டு அலையறேன். நான் மூடிகிட்டப் போனாலே நீங்க ஸ்டூலப் போட்டு உக்காந்துடுவீங்க.

பல் டாக்டர்: பொழுது போகணும்ல.

மெக்கானிக்: திட்டுங்க அத்தான். ரெண்டு அறை கூட விடுங்க.

பல் டாக்டர்: பத்து நம்பர் ஸ்பானர எடு.

மெக்கானிக்: எதுக்கு?

பல் டாக்டர்: மூடியக் கழட்டத்தான். நான் விளக்கப் பிடிக்கறேன்.

மெக்கானிக்: உங்களுக்குக் கோவமே வரலையா?

பல் டாக்டர்: மேல இருக்கற போல்ட்டு கொஞ்சம் இறுக்கம். பாத்து.

மெக்கானிக்: வந்துருச்சு... இது ரெண்டாவது... மூணு... நாலு... மூடிய இழுக்கறேன். தூசி விழும், தள்ளிக்கோங்க.

பல் டாக்டர்: என்ன?

மெக்கானிக்: அந்தத் துணியக் குடுங்க. தொடச்சுப் பாக்கறேன்.

பல் டாக்டர்: என்ன மாப்ள, தெரியுதா? விளக்கக் கிட்டக் கொண்டு வரவா?

மெக்கானிக்: அத்தான்... இது பழைய பெல்ட்டு இல்ல.

பல் டாக்டர்: இல்ல.

மெக்கானிக்: மேல அச்சு அழியவே இல்ல. வெடிப்பு இல்ல. ஓரத்துல வெள்ளைல தேதி எழுதியிருக்கு. கொசுக்கால் மாதிரி எழுத்து... இது உங்க எழுத்து!

பல் டாக்டர்: நோயாளி சீட்டுல நான் அப்படித்தான் எழுதுவேன்.

மெக்கானிக்: நீங்களா போட்டீங்க? எப்ப?

பல் டாக்டர்: அவ போன மூணாவது வாரம். வீட்டுல எல்லாரும் தூங்கச் சொன்னாங்க. தூக்கம் வரல. சர்வீஸ் புத்தகத்த வச்சுக்கிட்டு ரெண்டு நாள்ல முடிச்சேன்.

மெக்கானிக்: நான் மாத்தலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பல் டாக்டர்: ம்முன்னு சொன்னியே. தினமும் ரெண்டு தடவ பல்லு தேய்க்கறீங்களான்னு நான் கேக்கறப்ப எல்லாரும் அப்படித்தான் ம்முன்னுவாங்க. முப்பது வருஷமா அந்த ம்முங்கறத மட்டும்தானே கேக்கறேன்.

மெக்கானிக்: அப்ப அறாது... நீங்க கிளினிக்குக்குப் போறப்பல்லாம் நான் அங்க ஒர்க்‌ஷாப்புல பயந்துட்டு இருந்தேனே. அதெல்லாம்?

பல் டாக்டர்: வீண்தான்.

மெக்கானிக்: என் பொண்டாட்டி எத்தன ஞாயித்துக்கிழமை திட்டியிருப்பா தெரியுமா?

பல் டாக்டர்: தங்கச்சிகிட்ட நான் பேசிக்கறேன்.

மெக்கானிக்: இருங்க... இருங்க. இன்ஜினக் கையால சுத்தறேன். அடையாளக் கோடு நேரா வரணும்... இடது பக்கம் சரி. வலது பக்கம்... அத்தான், அந்தப் பல்லு பாக்கற குட்டிக் கண்ணாடியக் குடுங்க.

பல் டாக்டர்: இந்தா.

மெக்கானிக்: பெல்ட்ட ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கீங்க.

பல் டாக்டர்: ம்.

மெக்கானிக்: ஒரே ஒரு பல்லு! அதான் நடுக்கம்! இந்த எழவுக்கா நான் அஞ்சு வருஷமாக் கார்புரேட்டரக் கழுவினேன்? மாட்டினப்புறம் கையால ரெண்டு சுத்து சுத்தி, கோட்டத் திருப்பிப் பாக்கணும் அத்தான். நீங்க பாக்கலையா?

பல் டாக்டர்: மொத தடவ பாக்கல. மூணாவது மாசம் தொறந்து பாத்தேன். தள்ளித்தான் இருந்துச்சு.

மெக்கானிக்: பாத்துட்டு?

பல் டாக்டர்: மூடிட்டேன்.

மெக்கானிக்: பெல்ட்ட இழுத்துப் பிடிக்கற டென்ஷனரத் தளத்தி ஒரு பல்லு நகத்தினாப் போதும். அரை மணி நேர வேல!

பல் டாக்டர்: தெரியும்.

மெக்கானிக்: தெரிஞ்சும் ஏன் அத்தான் சரி பண்ணல?

பல் டாக்டர்: பண்ணியிருந்தா வண்டி நல்லா ஓடியிருக்கும்.

மெக்கானிக்: ஓடட்டுமே! அதுல என்ன கொறஞ்சு போச்சு?

பல் டாக்டர்: ஓடியிருந்தா நீ எதுக்கு மாப்ள வந்திருக்கப் போற... உன் அக்கா இல்லாத வீட்டுக்கு?