கடைசி அரை மணி

— வண்டியில அந்த வைக்கோல் மேல மட்டும் உக்காராதீங்க வக்கீலய்யா, ரொட்டிச் சட்டி இருக்கு. இப்படி ஓரமா நின்னு மோரைக் குடிங்க.

— எனக்கு மோர் குடுக்க எப்படி மனசு வருது கெசியா அத்தை? அங்க ஜெயில்ல உங்க வீட்டுக்காரர் ஏமோஸ். நாலு மணி ரயில்ல, அவர் தப்பிச்சு வந்த கென்டக்கி எசமான்கிட்டயே அனுப்பப் போறாங்க. நான் வெறும் வாயை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— வெறும் வாயா! ஒஹாயோ முழுக்கத் தேடினாலும் இதைவிடப் பெரிய வாய் கிடைக்காது.

— கிண்டலா?

— பின்னே? இன்னிக்குத் தேர்தல் மேடையில முதல் ஒரு மணி நேரம் என்ன பேசினீங்க? கால்வாய் வரி, ரயில் பாதை. அடிமைங்கிற வார்த்தையே வரல. வீட்ல நான் அத்தை. மேடை ஏறினா நான் 'அந்தப் பிரச்சினை'.

— 'அதைத் தொடாதே டட்டில், ஓட்டுப் போயிடும்'னு கட்சியில சொல்லிட்டாங்க. அப்புறம் எதிராளி ஒன்றரை மணி நேரம் பேசினானே, ஓடிவந்தவனைப் பிடிச்சுக் குடுக்கிறதுதான் சட்டம்னு... ஜனங்க கைதட்டினாங்க பாருங்க, எனக்குள்ள என்னமோ அறுந்துபோச்சு.

— அதான் கடைசி அரை மணி.

— ஆமா. முதல்ல பேசினவனுக்குத்தான் கடைசி அரை மணி. அதுக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது, முறை அது. எல்லாரும் எதிராளியை மிதிக்கிறதுக்கு வெச்சிருப்பாங்க. நான் ஏமோஸைப் பத்திச் சொன்னேன்.

— 'இந்த ஊர்ல தண்ணி மொள்ற வாளி ஒவ்வொண்ணும் பதினோரு வருஷமா அவர் செஞ்சது. நாளைக்கு அந்தத் தண்ணி உங்க தொண்டையில இறங்குமா?'ன்னு கேட்டீங்க. நான் கூடையைக் கீழே வெச்சுட்டேன்யா.

— என்ன பிரயோஜனம்? கட்சித் தலைவர் எழுந்து போயிட்டார், ஓட்டும் அவரோட போச்சு. ஜெயிலைப் பார்த்துக்கிற ஷெரீப் பிளங்கெட் 'உக்காருடா'ன்னு கத்திட்டுப் பாதியில கிளம்பிட்டான். எதுக்கு? ஏமோஸை ஒப்படைக்கத்தான்.

— நேரா என் வண்டிக்குத்தான் வந்தார்.

— பிளங்கெட்டா?

— சோளரொட்டி கேட்டார், குடுத்தேன். என் முகத்தைப் பார்க்கல. 'எங்க வீட்ல நாலு வாளி இருக்கு கெசியா'ன்னார். அவ்வளவுதான். போயிட்டார்.

— வாளியா? அவனுக்கென்ன பைத்தியமா?

— கூடைத் துணியைத் தூக்கிப் பாருங்க.

— அடக் கடவுளே! சாவிக்கொத்து!

— மெதுவா! மேடைக் குரலை மேடையிலேயே விட்டுட்டு வரக்கூடாதா?

— இதை வெச்சுக்கிட்டு இங்க நிக்கிறீங்களே! ஓடுங்க அத்தை, போய்த் திறங்க!

— அது செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?

— ஏன்?

— ஏரித் துறையில கனடா கப்பல் நிக்குது, அங்க இந்தச் சட்டம் செல்லாது. கறுப்பு மனுஷி நான் ஓட்டினா பத்து இடத்துல நிறுத்துவாங்க. தேர்தல்ல நிக்கிற மனுஷன் ஓட்டினா தொப்பியைத் தூக்கிட்டு வழி விடுவாங்க.

— பிடிபட்டா என் பேரு, தொழில், ஓட்டு எல்லாம் போச்சு.

— ஓட்டு ஏற்கெனவே போச்சுன்னீங்களே.

— சரி, ஏறுங்க, ஓட்டறேன். ஆனா ஏமோஸை விட்டுட்டு நீங்க மட்டும் கனடா போவீங்களா?

— என்னை விட்டுட்டு அவ போகமாட்டா, வக்கீலய்யா. ஜெயில் ஜன்னல் வழியா முக்கால்வாசி, இந்த வைக்கோலுக்கு அடியில மீதின்னு உங்க கடைசி அரை மணி மொத்தமும் கேட்டாச்சு. இனி ஒரு வார்த்தையும் பேசாம வண்டியைக் கிளப்புங்க.