நாற்பத்தொன்றாவது பெயர்

— தூக்கிப் பிடிடா. அது பெரிய பைபிள், சிமென்ட் மூட்டை இல்ல. ரெண்டு கையையும் அடியில குடுத்து நெஞ்சோட அணைச்சுக்கோ. சரியா?

— இப்படியாக்கா?

— இன்னும் மேல. புத்தகத்தோட விளிம்பு உன் தாடைக்குக் கீழ வரணும். நாளைக்கு வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முப்பத்தி நாலு காலடி. முழு சபையும் எழுந்து நின்னு உன்னைத்தான் பாக்கும். பாதி வழியில கை வலிக்குதுன்னு வயித்துக்கு இறக்கினேன்னு வை, என் மானமும் சேந்து போகும்.

— காலடிகூட எண்ணி வச்சிருக்கியா?

— இருபத்திரண்டு வருஷமா இந்தத் தரையை மண்டி போட்டுத் துடைக்கறேன். எண்ணாம வேற என்ன பண்ணுவாங்க.

— மேல போட்டிருக்கற உறைத் துணி கொஞ்சம் வழுக்குது பாத்துக்க.

— உன் கை வேர்க்குது. துணி நான் தைச்சது. சுமந்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் வழுக்குதுன்னு சொன்னதில்ல.

— யார் யாரெல்லாம் சுமந்தாங்க?

— சர்ச் ஆரம்பிச்ச நாளுக்கு வருஷத்துக்கு ஒருத்தர். ஆண்டவரோட கிருபை யார் மேல கண்ணுக்குத் தெரியற மாதிரி இறங்குச்சோ, அவங்க கையில புத்தகத்தைக் குடுப்பாங்க. பிழைக்க மாட்டாங்கன்னு எல்லாரும் கைவிட்ட டாக்டரம்மா பிழைச்சு வந்து சுமந்தாங்க. தீயில மாட்டித் தப்பிச்ச எலக்ட்ரீஷியன் சுமந்தார். போன வருஷம் ஆர்கன் வாசிக்கறவர், பதினாலு வருஷம் கழிச்சுப் புள்ள பொறந்ததுக்கு. அத்தனை பேருக்கும் பீடத்துக்குப் பக்கத்துல இதே வெஸ்ட்ரி அறையில, இதே மாதிரி சனிக்கிழமை மத்தியானம் நின்னு, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தவ நான். இந்த வருஷம் துரை, நீ.

— நீ ஒரு தடவைகூட…

— முழுங்காதே, கேட்டுடு. இல்ல. ஒரு தடவைகூட இல்ல. எனக்கு நோய் வரலை, வீடு எரியலை, நான் எங்கயும் ஓடிப் போகலை. ஒழுங்கா இருந்தவகிட்ட கிருபையைக் காட்ட என்ன இருக்கு, சொல்லு.

— நான் பாஸ்டர் ஐயாகிட்ட போய்ச் சொன்னேன்க்கா. நிஜமா. நான் வந்து பத்து மாசம்தான் ஆகுது, இன்னும் முதல் கியரே விழலை, அக்காவுக்குக் குடுங்கன்னு.

— ஓஹோ. எனக்கு சிபாரிசு வேற. ஐயா என்ன சொன்னார்?

— வேணாம் விடு.

— சொல்லுடா.

— "அக்கா நம்ம வீட்டு ஆளு, அவங்க இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க"ன்னார்.

— பெருசா எடுத்துக்க மாட்டேனாமா. வீட்டு ஆளு. கதவுக்குப் பின்னாடி நிக்கற விளக்குமாறும் வீட்டு ஆளுதான். புத்தகத்தை மேசையில வை. மெதுவா.

— கோவமாக்கா?

— கோவம்னா தணிஞ்சுடும். இது பொறாமை. வயிறு எரியுது. பாவம்னு தெரியும். ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்கறதே நான்தான். தெரிஞ்சும் எரியுது. நீ பதினோரு வருஷம் லாரியை எடுத்துட்டுக் கண்ட கண்ட ஊர்ல சுத்தின. குடிச்ச. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு லெட்டர் இல்ல, ஒரு ஃபோன் இல்ல. பத்து மாசம் முன்னாடி கிழிஞ்ச சட்டையோட வந்து கடைசி பெஞ்சுல உக்காந்த. அன்னைக்குச் சபையே அழுதுச்சு. நான் இருபத்திரண்டு வருஷமா ரெண்டாவது பெஞ்சுல உக்காந்திருக்கேன். என்னைப் பாத்து ஒருத்தர் கண்ணுலயும் ஒரு சொட்டு வந்ததில்ல.

— வந்தவனைப் பாத்து அழுவாங்க. அங்கயே இருக்கறவளைப் பாத்து எதுக்கு அழுவாங்க?

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— எனக்கு மட்டும் இது நியாயமாவா படுது? இப்ப ஸ்கூல் வேன் ஓட்டறேன். காலையில ஒவ்வொரு அம்மாவா வந்து பிள்ளையை என் கையில ஏத்தி விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போறாங்க. என்னை நம்பி. தினமும் ஏதோ ஆள் மாத்திக் குடுத்துட்டாங்க போலன்னுதான் தோணுது.

— உனக்குத் தோணுது. எனக்குத் தெரியும்.

— சரி, உனக்கு என்னதான் வேணும்? சண்டைக்குக் கேக்கலை. நிஜமா கேக்கறேன்.

— கடைசி வரைக்கும் உண்மையா இருந்தா மேல கிரீடம் உண்டுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்றேன். எனக்குக் கிரீடம் வேணாம்டா, தலை வலிக்கும். இங்க, உயிரோட இருக்கறப்ப, அந்த முப்பத்தி நாலு காலடியைக் கையில துடைக்கற துணி இல்லாம ஒரு தடவை நடக்கணும். "அட, நீயும் இங்கதான் இருக்கியா"ன்னு யாராவது பாக்கணும். அவ்வளவுதான்.

— அப்ப நாளைக்கு நான் தூக்கலை. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்.

— பிச்சை போடாதே. நீயே தூக்கு. நான்தான் வரலை.

— எங்க வரலை?

— நாளைக்கு வரலை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் வரலை. இனிமே எதுக்கும் வரலை. இந்தா ஜெப நோட்டு. இந்தா சாவிக்கொத்து. ரெண்டையும் பாஸ்டர்கிட்ட குடுத்துடு.

— அக்கா, விளையாடாதே.

— விளையாடற வயசா எனக்கு? உக்காரு. அடுத்து யார் படிச்சாலும் தப்பில்லாம படிக்கணும், அதுக்காகச் சொல்றேன், கேட்டுக்கோ. மொத்தம் நாப்பத்தி ஒரு வரி. வரிக்கு ஒரு பேர், நாம யாருக்காக ஜெபிக்கறோமோ அவங்களோடது. வரிசை மாறாம சத்தமா படிக்கணும். பேரை எடுக்கணும்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, குணமாகியிருக்கணும். இல்ல, போய்ச் சேந்திருக்கணும். எடுத்தா சிவப்புப் பேனாவால கோடு போட்டுப் பக்கத்துல தேதி எழுதணும். புதுசா ஒருத்தர் வந்தா அந்தக் காலி வரியில எழுதணும். சரியா?

— ஃபோனு?

— நோட்டுப் பக்கத்துல ஸ்பீக்கர்ல போட்டு வைக்கணும். அம்மா படுத்த வருஷம் ஆரம்பிச்சது. எழுந்து வர முடியாதவங்க எட்டுப் பத்துப் பேர் வீட்டுல இருந்தே சர்ச் நம்பருக்கு அடிப்பாங்க. ஒவ்வொருத்தரா லைன்ல சேத்துக்கோ. யாருன்னு கேக்காதே, கேட்டா ஊர்க்கதை ஆரம்பிச்சுடும். அதுல சிலர், "என் பேரை எடுத்துட மாட்டீங்களே"ன்னு வாரா வாரம் அழுவாங்க. அந்த ரெண்டு காரணத்தைச் சொன்னாத்தான் சமாதானம் ஆவாங்க. முன்ன ஒருத்தர் லைன்ல வருவார், வாயே திறக்க மாட்டார். பின்னாடி ஒரே ஹாரன் சத்தம். ரோட்டோரமா வீடு போல. கடைசிப் பேர் படிச்சதும் கட் பண்ணிடுவார், ஆமென்கூடச் சொல்ல மாட்டார். இப்ப வருஷம் ஆகப் போகுது, அவரும் வர்றதில்ல.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணும் இல்ல. நோட்டைக் குடு, பாக்கறேன். அம்மா ஏழாவது. கோடு இருக்கு, தேதி இருக்கு. கடைசி வரி நான்தானா?

— நாப்பத்தி ஒண்ணு. நீதான்.

— எனக்கும் கோடு இருக்கு.

— நீதான் குணமாகி வந்துட்டியே. போட வேணாமா?

— தேதியும் போட்டிருக்கேக்கா.

— குடு இப்படி.

— இரு. அம்மாவை அடக்கம் பண்ணினதுக்கு அடுத்த புதன்கிழமை இது. நான் வந்தது அதுக்கும் இருபது நாள் கழிச்சு.

— நோட்டைக் குடுடா.

— நீ தேதி தப்பா எழுதற ஆளில்லையே.

— இல்ல. தப்பா எழுதலை. திருட்டு வேலை செஞ்சப்பகூட ஒழுங்கா தேதி போட்டிருக்கேன் பாரு, என் புத்தி அப்படி. இந்த நோட்டுல ரெண்டு காரணமும் இல்லாம நான் எடுத்த ஒரே பேர் உன்னோடது.

— ஏன்க்கா?

— ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டினது நான். திருப்பிப் படுக்க வச்சது நான். கடைசி நாள் சாயங்காலம் ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "வந்துட்டியா ராசா"ன்னாங்க. என் கைடா அது. நான்தாம்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்க முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பாத்தேன். "வந்துட்டேம்மா"ன்னேன். உன்னை மாதிரி குரலைத் தடிப்பா வச்சுக்கிட்டு. அந்தச் சந்தோஷத்தோடயே போயிட்டாங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. அடுத்த புதன்கிழமை நாப்பதாவது பேர் வரைக்கும் படிச்சேன். அடுத்தது நீ. வாய் திறக்கலை. ஆமென்னு சொல்லி நோட்டை மூடிட்டேன். வீட்டுக்குப் போய் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

— அழாதேக்கா.

— இரு, முடிக்கலை. நீ வந்த ஞாயித்துக்கிழமை ஐயா பிரசங்கத்துல என்ன சொன்னார்? ஒரு அக்காவோட விடாத ஜெபம்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். என்ன ஒரு அடக்கம்னு பேசிக்கிட்டாங்களாம். விடாத ஜெபமா? நான் விட்டப்புறம்தானே நீ வந்த. கேட்டுக்கிட்டே இருந்தப்ப வராதவன், நிறுத்தினதும் வந்து நிக்கற. அப்ப இத்தனை வருஷம் நான் எதுக்குடா? அது தெரியாமதான் எரியுது. நாளைக்கு நீ நடந்து வர்றதைப் பாத்துக்கிட்டு ரெண்டாவது பெஞ்சுல நிக்க என்னால முடியாது.

— அந்த ஹாரன் சத்தம் ரோட்டோர வீடு இல்லக்கா.

— என்ன?

— லாரி. நான் ஓரங்கட்டி நிப்பேன், பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போவான்.

— நீயா?

— அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கலாம்னு ஒரு புதன்கிழமை சர்ச் நம்பருக்கு அடிச்சேன். போதையிலதான். நீ யாருன்னுகூடக் கேக்கலை, லைன்ல சேத்துட்டுப் படிக்க ஆரம்பிச்சுட்ட. கடைசியில என் பேர் வந்துச்சு. பயந்து போய் வச்சுட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் அடிச்சேன். அப்படியே ஆறு வருஷம் பாத்துக்க. ஜெபம் பண்ணவெல்லாம் இல்ல. ஏழாவது பேர் வந்தா அம்மா இருக்காங்க. கடைசிப் பேர் வந்தா, நான் எந்தச் சாக்கடையில கிடந்தாலும் ஒருத்தி என்னை விடலை. அது போதும். இன்னும் ஒரு வாரம் வண்டி ஓடும்.

— ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேடா.

— பேசினா நீ திட்டுவ. திட்டினா நான் கட் பண்ணிடுவேன். அப்புறம் பேரும் கேக்காது.

— அப்ப அந்தப் புதன்கிழமை?

— லைன்ல இருந்தேன். ஏழாவது பேரைத் தாண்டி எட்டாவதுக்குப் போன. அம்மா போனது எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. ஸ்டீரிங்ல தலையை வச்சு அழுதுக்கிட்டே கேட்டேன், என் பேர் வரட்டும், வந்ததும் வச்சுடலாம்னு. நாப்பதாவது பேர் படிச்ச. அப்புறம் ஆமென்னு முடிச்சுட்ட.

— ஆண்டவரே.

— ஒண்ணு குணமாகணும், இல்ல போய்ச் சேரணும். அந்த விதியை நீ லைன்ல சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம். நான் குணமாகலைக்கா. சீட்டுக்கு அடியில பாட்டில் இருந்துச்சு. அப்படின்னா என் அக்கா கணிப்புல நான் செத்தாச்சு. எனக்காகக் கேக்க இனிமே ஆள் இல்ல, நானேதான் கேக்கணும். அன்னைக்குத்தான் என் பேரை என் வாயால ஆண்டவர்கிட்ட முதல் தடவையா சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை. பேரை மட்டும், திரும்பத் திரும்ப. அப்புறம் பாட்டிலை ரோட்டுல கவுத்தேன். லோடை இறக்கி, வண்டியை ஓனர்கிட்ட விட்டுட்டு வர இருபது நாள் ஆச்சு.

— அப்ப நான் உன்னை அழிச்சது…

— அழிச்சதும் நீ. ஆறு வருஷம் விடாம பிடிச்சு வச்சிருந்ததும் நீ. பிடிச்சு வைக்காம இருந்தா, விட்டது எனக்கு எப்படித் தெரியும்? எது என்னைக் கொண்டு வந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியலை. ரெண்டையும் ஆண்டவர் எடுத்துக்கிட்டார் போல.

— பத்து மாசமா ஏன்டா இதைச் சொல்லலை?

— நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நான் சொன்னா குத்திக் காட்டற மாதிரி இருக்கும்.

— அந்த வரியில இன்னும் யாரையும் எழுதலைடா. புதுசா ஆள் வந்தா வேற எங்கயாவது நெருக்கி எழுதிடறேன். அங்க எழுதக் கை வரலை.

— தெரியும். வந்ததுல இருந்து புதன்கிழமை புதன்கிழமை கடைசி பெஞ்சுல உக்காந்து கேக்கறேனே. நாப்பதோட நிறுத்திடற. நீ நிறுத்தினதும், எல்லாரும் ஆமென் சொல்றதுக்குள்ள, நான் வாய்க்குள்ள ஒரு பேர் சொல்லி அந்த வரியை முடிச்சுக்கறேன். ஆறு வருஷம் கேட்டேன்க்கா, அந்த நோட்டுல ஒரு தடவைகூட வராத பேர் அது.

— யாரோட பேருடா?

— உன்னோடதுக்கா.