பைப்பில் எண்ணெய் இல்லை

– லைட்டை அந்தக் கையில பிடிக்காத. நிழல் விழுது.

– எனக்கு இந்தக் கைதான் வரும். கல்யாணமாகிப் பத்து வருஷமாச்சு, இன்னும் பழகலையா?

– சரி, இப்படிக் காட்டு. இந்தப் பைப்புக்குள்ள விரலை விட்டுப் பாரு.

– விட்டாச்சு.

– என்ன தெரியுது?

– ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.

– அதான் கேக்குறேன். ஏன் சுத்தமா இருக்கு?

– இதென்னங்க கூத்து. சுத்தமா இருந்தா நல்லதுதான?

– டர்போ வண்டிம்மா இது. இன்ஜின்லேருந்து ஆவி வரும். அதோட கொஞ்சம் எண்ணெயும் வந்து காத்து போற பைப்புல படியும். எல்லா வண்டியிலயும் படியும். ரெண்டு மாசம் முன்னாடி பழைய பைப்பைக் கழட்டினப்போ விரல்ல எடுத்துக் காட்டினேன்ல, வழவழன்னு?

– காட்டினீங்க. என் தோள்லயே தொடச்சீங்க.

– இந்த ரெண்டு மாசத்துல புதுப் பைப்புலயும் படிஞ்சிருக்கணும்.

– அந்த எண்ணெயைப் பிடிக்கத்தான இன்னிக்கு டப்பா வாங்கிட்டு வந்திருக்கீங்க.

– ஆமா.

– இப்போ டப்பா இருக்கு, எண்ணெய் இல்ல.

– சிரிக்காத. யாரோ தொடச்சிருக்காங்க. தொடச்சு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

– யாரு வந்து உங்க பைப்பைத் தொடைக்கப் போறாங்க?

– நீயே சொல்லு.

– நான் என்ன சொல்ல?

– பைப்பை இறுக்குற இந்தக் கிளாம்ப்பைப் பாரு. நான் மாட்டினா திருகு எப்பவும் என் வலது கைப் பக்கம் இருக்கும். இப்போ இடது பக்கம் திரும்பியிருக்கு. இடது கைக்காரன் மாட்டினது. நான் சும்மா சொல்றேன், உங்க வீட்டுல யாருக்கு இடது கை?

– அப்படியா சேதி. எங்க அண்ணனுக்கு.

– நான் பேரே எடுக்கல.

– எடுக்கலைன்னா என்ன? காலையிலேருந்து அது உங்க நாக்கு நுனியிலதான் நிக்குது.

– தொடச்சு வெச்சுட்டு, அடுத்த தடவை தொறந்து புதுசா எவ்வளவு கசிஞ்சிருக்குன்னு பாக்குறது ஒர்க்‌ஷாப்காரன் புத்தி. உனக்கும் எனக்கும் அது தோணாது.

– உங்களுக்குமா தோணாது?

– பேச்சை மாத்தாத. திங்கக்கிழமை மட்டும் பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் லேட்டா வர்றாளாம். டீச்சர் சொன்னாங்க. மத்த நாள் எல்லாம் சரியா வர்றாளாம். உங்க அண்ணன் ஒர்க்‌ஷாப் அந்த வழியிலதான இருக்கு?

– ஓ. கணக்கெல்லாம் போட்டு வெச்சாச்சு.

– நான் சும்மா கேக்குறேன்.

– நீங்க எதையும் சும்மா கேட்டதில்ல.

– உங்க வீட்டுல குழாய் ஒழுகினா அண்ணன். மிக்சி சுத்தலைன்னா அண்ணன். பாப்பா நம்ம காரை வரைஞ்சிருக்கா பாத்தியா? பக்கத்துல அவ மாமன் ஸ்பேனரோட நிக்கிறான். நான் எங்க இருக்கேன் தெரியுமா? வீட்டு ஜன்னல்ல. தலை மட்டும்.

– அவளுக்குக் கால் வரைய வராதுங்க.

– மாமனுக்கு வந்துச்சே.

– ம்.

– அன்னிக்கு உங்கம்மா வீட்டுல அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்னான்? "பல்லு செய்யுற கைக்குப் பைப்பு அடங்காது மாப்ள." எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.

– சிரிச்சேன். தப்புதான். அதுக்குன்னு நாலு மாசமா அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல நீங்க.

– இப்பவும் சொல்றேன். அவன் கை இந்த வண்டியில பட்டிருந்தா நாளைக்கே வித்துருவேன். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.

– நாங்க இல்லையா?

– அப்படிச் சொல்லல.

– இந்தாங்க, லைட்டைப் பிடிங்க.

– எதுக்கு?

– பிடிங்கன்னா. அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது.

– ஏய், பாத்து. அது பிளாஸ்டிக். அழுத்தினா...

– அழுத்தல. மாட்டியாச்சு. பாருங்க, திருகு எந்தப் பக்கம் இருக்கு?

– இடது பக்கம்.

– எங்க அண்ணன் இந்த வண்டியைத் தொட்டதே இல்ல. போதுமா?

– யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?

– நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை லைட்டு பிடிக்கிறேன். லைட்டு அடிக்கிற இடத்தைத்தான பாக்கணும்? வேற எங்க பாக்குறது?

– தொடச்சு வெச்சுப் பாக்கணும்னு?

– பல்லு மாட்டிட்டு உசரமா இருக்கான்னு கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்வீங்கள்ல? பழைய கறையைத் தொடச்சுட்டுத்தான் மறுபடி கடிக்கச் சொல்வீங்க. சாப்பிடும்போது எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, பழசு இருந்தா புதுசு தெரியாதுன்னு. உங்க புத்திதான். ஒர்க்‌ஷாப் புத்தி இல்ல.

– சரி. ஏன் கழட்டின? வண்டி நல்லாத்தான ஓடுது?

– இப்போ ஓடுது.

– என்ன இப்போ?

– புதுப் பைப் மாட்டின மறுநாள், பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விடப் போறப்போ வண்டி மேம்பாலம் ஏறல. மிதிச்சா முக்குது, நகரல. பின்னாடி லாரிக்காரன் ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. பாப்பா காதைப் பொத்திக்கிட்டா. லாரி ஒதுங்கிப் போனதும் பின்னால உருட்டி, கீழ ஓரங்கட்டினேன்.

– என்கிட்ட சொல்லவே இல்ல.

– அவ இரும்பு ஸ்கேலை வெச்சுத்தான் கிளாம்ப்பைக் கழட்டினேன். ஸ்கேல் ஏன் வளைஞ்சிருக்குன்னு அவளைத் திட்டினீங்களே, அது.

– உள்ள என்ன இருந்துச்சு?

– என் பழைய நைட்டித் துணி. மஞ்சப்பூ போட்டது. மாட்டுறப்போ தூசி போகக் கூடாதுன்னு பைப் வாயில அடைச்சீங்கள்ல?

– எடுத்துட்டேனே.

– ரெண்டு துணி அடைச்சீங்க. ஒண்ணுதான் எடுத்தீங்க.

– அது இப்போ எங்க?

– பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். வேணும்னா பாருங்க.

– வேணாம். உங்க அண்ணனுக்குத் தெரியுமா?

– எப்படித் தெரியும்? நான் மூச்சு விடல.

– என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

– சொன்னா நீங்க ஸ்பேனரைத் தொட மாட்டீங்க. அப்புறம் அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்.

– நிஜமாவே அதுக்காகவா சொல்லல?

– லைட்டை நேராப் பிடிங்க.

– அது ஒரு தடவை நடந்தது. அதுக்கப்புறம் நான் மாட்டினதெல்லாம் ஒழுங்காத்தான இருந்துச்சு?

– எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. திங்கக்கிழமையானா நீங்க குளிக்கப் போனதும் பாப்பாவைப் படியில உக்கார வெச்சுட்டு ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துட்டுத்தான அவளை வண்டியில ஏத்துறேன்.